உடைந்த ஈட்டிகள்: பூகன்வில் தீவின் இணக்க மரபுகளும் அவை தாங்கிய வாழ்வும்

தென்மேற்குப் பசிபிக்கில், சாலமன் தீவுத்தொடரின் வடமேற்கு முனையில் அமைந்துள்ள பூகன்வில் பெருந்தீவும், குறுகிய நீரிணை ஒன்றால் அதனின்று பிரிந்து நிற்கும் புக்காத் தீவும், அவற்றைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் பவழத் தீவுகளும் சேர்ந்து இன்று பப்புவா நியூ கினி நாட்டின் தன்னாட்சிப் பகுதியாக விளங்குகின்றன. 1768இல் அக்கடல்வழியே சென்ற பிரெஞ்சுக் கடலோடி லூயி அந்துவான் த பூகன்வில்லின் பெயரே இத்தீவுக்கு இடப்பட்டது. தமிழ்நாட்டு வீட்டு வேலிகளில் காகிதப்பூ என்று வளரும் போகன்வில்லாச் செடிக்கும் அவர் பெயரே வந்து சேர்ந்தது. 1988 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் இத்தீவில் நடந்த போர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தென்பசிபிக் கண்ட போர்களில் மிகக் கொடியது. அந்தப் போர் முடிந்த விதம், உலகெங்கும் அமைதிக்காக உழைப்போர் ஊன்றிக் கற்க வேண்டிய ஒரு வரலாறாகும். வெளிநாட்டு முகாம்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு உயிர் தந்தவை, ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் நடந்த இணக்கச் சடங்குகள். அச்சடங்குகளுக்கு வேராக இருந்தவை நிலம், உறவு, உணவு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கண்ட பழைய வாழ்க்கை முறை.

இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் இத்தீவில் பேரரசோ மன்னராட்சியோ தோன்றியதில்லை. அருகருகே அமைந்த சிற்றூர்களும், அவ்வூர்களை ஊடறுத்துச் செல்லும் குலங்களும் சேர்ந்ததே சமூகமாக இருந்தது. தென்பகுதியின் பூயின் வட்டாரம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, நசியோய், நாகோவிசி, சிவாய், புக்காவின் ஹாலியா முதலிய மக்களிடையே குலம் தாய்வழியாகவே வருகிறது. ஒருவர் எந்தக் குலத்தவர், எந்த நிலத்தில் தோட்டம் போட உரிமையுடையவர் என்பதைத் தாயின் வழியே தீர்மானிக்கிறது. ஊர் மன்றில் குலத்தின் குரலாகப் பேசுபவர் பெரும்பாலும் தாய்மாமனே எனினும், நிலத்தைப் பற்றிய இறுதிச் சொல் மூத்த பெண்களுடையது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நிலம் என்பது விற்று வாங்கும் உடைமையாக அங்கே கருதப்படவில்லை. முன்னோர் புதைந்த இடமாகவும், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குரிய தோட்டமாகவும், குலத்தின் அடையாளமாகவும் அது ஒரே நேரத்தில் விளங்கியது.

இச்சமூகங்களை இயக்கிய நெறி சமநிலை. 1938–39 ஆண்டுகளில் சிவாய் மக்களிடையே தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டக்ளஸ் ஆலிவர், அவர்களுடைய தலைமை முறையைத் தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ‘மூமி’ எனப்படும் ஊர்ப் பெரியவர் பிறப்பால் அப்பதவியை அடைவதில்லை. பன்றிகளைப் பெருக்கி, உறவினர் உழைப்பைத் திரட்டி, ஆடவர் கூடும் மன்றத்தில் குடைந்த மரப் பறைகளை முழக்கி, அயலூராருக்குப் பெருவிருந்து அளித்தே அவர் பெயர் பெறுகிறார். விருந்துண்டவர் ஒருநாள் அதற்கு ஈடாகத் திருப்பிச் செய்யும் வரை கணக்கு நிலுவையில் நிற்கும். பன்றிக்குப் பன்றி, உழைப்புக்கு உழைப்பு என்று ஓடிய இக்கணக்கில் உயிர்களும் அடங்கின. ஒரு குலத்தவரைக் கொன்றால், பழிவாங்கலாலோ ஈட்டாலோ அந்தக் குறை நிரம்பும் வரை இரு குலங்களுக்கும் இடையே சமநிலை கிடையாது. பகையை வளர்த்த இதே நெறிதான் பகையை முடிக்கும் வழியையும் தந்தது.

அந்த வழி படிப்படியாக அமைந்தது. இரு தரப்புக்கும் உறவுள்ள ஒரு பெரியவரோ மூத்த பெண்ணோ முதலில் தூது செல்வார். அதன்பின், தீவின் பொதுமொழியாகிய டோக் பிசினில் ‘பெல் கோல்’ எனப்படும் தொடக்கச் சடங்கு நடைபெறும். கொதிக்கும் உள்ளத்தைத் தணிப்பதற்காகச் சிறு அளவில் உணவும் பன்றியும் அளிக்கப்படும் இச்சடங்கு, வழக்கைத் தீர்ப்பதில்லை. இரு தரப்பாரும் அச்சமின்றி ஒரே இடத்தில் அமர்ந்து பேசுவதற்கு வழி திறப்பதோடு அதன் பணி முடிகிறது. பிறகு வரும் பேச்சு நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும், சிலவேளை ஆண்டுக்கணக்கிலும் நீளும். யார் யாரைக் கொன்றார், எதற்காக, உடல் எங்கே கிடக்கிறது என்பனவெல்லாம் வெளிவர வேண்டும். தவறிழைத்தவர் அதைத் தம் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். இறுதியில் பன்றிகளும், சிப்பிகளைத் தேய்த்துக் கோத்த சிப்பிப் பணமும், தோட்டத்து விளைச்சலும் கைமாறும். இருபுறமும் உயிர் போயிருந்தால் இருபுறமும் கொடுக்கும். இதை உயிருக்கு விலை என்று எவரும் எண்ணுவதில்லை. உறவை மீட்பதற்கான வெளிப்படையான உறுதியாகவே அது கொள்ளப்பட்டது.

நிறைவுச் சடங்கில் இரு தரப்புப் போராளிகளும் ஊரார் கண்முன் ஈட்டிகளையும் அம்புகளையும் உடைப்பர். சில வட்டாரங்களில் கல்லைப் புதைத்து, இனி இந்த வழக்கு அக்கல்லைப்போல் வாய் திறக்காது என்று உறுதி செய்வர். சில இடங்களில் மரக்கன்று நடுவர். அதன்பின் பாக்கையும் வெற்றிலைக் கொடியின் காயையும் சுண்ணாம்புடன் சேர்த்து ஒன்றாக மெல்வர். தமிழர் வாழ்வில் தாம்பூலம் மாற்றியபின் சொன்ன சொல் மாறாது என்பது போலவே, அங்கும் பாக்கைப் பகிர்ந்தபின் பகையைக் கிளறுவது பெரும் இழுக்காகும். கூட்டு விருந்தும் ஆட்டமும் அதைத் தொடரும். ஒவ்வொரு படியும் தனக்கு முந்தைய படி முழுமையாக முடிந்தபின்னரே தொடங்கும் என்பதும், நேற்றுவரை பகைவராக இருந்தவர்கள் நாளை அடுத்தடுத்த தோட்டங்களில் உழைக்க வேண்டியவர்கள் என்ற உணர்வு எல்லாப் படிகளிலும் நிறைந்திருந்தது என்பதும் இம்மரபின் இரு சிறப்புகள். தீவில் வாழ்பவர் தோற்றவரை விரட்டிவிட்டு வேறிடம் போக முடியாது. ஆகவே வெற்றியைக் காட்டிலும் அயலவரோடு வாழத்தக்க நிலையே அவர்களுக்குத் தேவைப்பட்டது.

குடியேற்ற ஆட்சிகள் இந்த ஒழுங்கின்மீது வேறோர் ஒழுங்கை ஏற்றின. 1886இல் ஜெர்மனியின் ஆளுகைக்குள் வந்த பூகன்வில், 1899இல் ஜெர்மனியும் பிரித்தானியாவும் சாலமன் தீவுகளைப் பங்கிட்டபோது, தன் தெற்கேயுள்ள உறவினத் தீவுகளிலிருந்து பிரிக்கப்பட்டு ஜெர்மன் நியூ கினியுடன் நின்றது. 1914இல் ஆஸ்திரேலியப் படை அதைக் கைப்பற்றியது. 1942இல் ஜப்பானியர் வந்தனர். தீவு போர்க்களமாயிற்று. அப்போர்க்காலத்தில் பரவிய இலைக்கருகல் நோய் சேப்பங்கிழங்குத் தோட்டங்களை அழித்தபோது, மக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு மாறித் தம் உணவைக் காத்துக்கொண்டனர். பழக்கத்தை மாற்றினாலும் தோட்டத்தைக் கைவிடாத அந்தத் தகவமைப்பு, அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் அவர்களைக் காத்தது.

1964இல் தீவின் நடுமலைப் பகுதியிலுள்ள பங்குனாவில் செம்புக் கனிமம் தேடும் பணி தொடங்கியது. நிலத்தடிக் கனிமம் அரசுக்கே உரியது என்ற, அப்போது தீவை ஆண்ட ஆஸ்திரேலியாவின் சட்டம், நிலத்தின் மேற்பரப்பையும் அடியாழத்தையும் பிரித்தறியாத மக்களுக்கு விளங்காததாகவும் ஏற்கவியலாததாகவும் இருந்தது. 1969 ஆகஸ்டில் துறைமுகத்துக்காக நிலம் அளக்க வந்தவர்களை ரொரொவானா ஊர்ப் பெண்கள் தடுத்து நின்று அளவைக் கற்களைப் பிடுங்க முயன்றபோது, காவலர் தடியடியும் கண்ணீர்ப்புகையும் கொண்டு அவர்களைக் கலைத்தனர்; நிலத்தின் தாய்மார் நிலத்திலிருந்தே இழுத்தகற்றப்பட்ட அந்நிகழ்ச்சி தீவின் நினைவில் நீங்காது பதிந்தது. 1972இல், பின்னாளில் ரியோ டின்டோ என ஒரே பெயரில் அறியப்பட்ட குழுமத்தின் கிளை நிறுவனமான பூகன்வில் காப்பர் லிமிடெட் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு காலகட்டத்தில் பப்புவா நியூ கினியின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இச்சுரங்கமே ஈட்டித் தந்தது. அந்நாட்டுக்குக் கிடைத்த உரிமத் தொகை உற்பத்தி மதிப்பில் 1.25 விழுக்காடு, அதிலும் 5 விழுக்காடு மட்டுமே நிலத்துக்குரிய குலங்களைச் சேர்ந்தது. நூறு கோடி டன்னுக்கும் மேற்பட்ட சுரங்கக் கழிவு ஜாபா ஆற்றுப் படுகையில் கொட்டப்பட்டு, மீனும் தோட்டமும் அழிந்தன. கொடுத்ததும் பெற்றதும் ஒருபோதும் சமன்படாத இந்த உறவு, சமநிலையையே அறமாகக் கொண்ட சமூகத்துக்கு ஆறாத புண்ணாயிற்று.

1987இல் பிரான்சிஸ் ஓனா, பெர்பெத்துவா செரெரோ ஆகியோர் தலைமையில் இளைய நிலவுரிமையாளர் அமைப்பு எழுந்தது. 1988 இறுதியில் மின்கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. 1989 மே மாதத்தில் சுரங்கம் மூடப்பட்டது. பப்புவா நியூ கினி அரசுப் படையின் கொடுமைகள் கிளர்ச்சியைப் போராக்கின. 1990இல் படையை விலக்கிக்கொண்ட அரசு தீவைச் சுற்றி முற்றுகையிட்டது. ஆனால் போர் அரசுக்கும் கிளர்ச்சியாளரின் பூகன்வில் புரட்சிப் படைக்கும் இடையே மட்டும் நிற்கவில்லை. கட்டுப்பாடற்ற ஆயுதக் குழுக்கள் பழைய நிலத் தகராறுகளையும் குலப் பகைகளையும் துப்பாக்கியால் தீர்க்க முற்பட்டன. அவற்றை எதிர்த்து அரசின் துணையோடு எதிர்ப்புப் படைகள் எழுந்தன. பூகன்வில் மக்களே ஒருவரையொருவர் கொன்றனர். ஏறத்தாழ 1,60,000 மக்கள் வாழ்ந்த தீவில், மருந்தின்றி இறந்தோரையும் சேர்த்து, மாண்டவர் 20,000 வரை என்று சில கணிப்புகள் கூறுகின்றன.

முற்றுகைக் காலத்தில் மக்கள் வாழ்ந்த விதம் தனியே நோக்கத்தக்கது. கடைப்பொருள், எரிபொருள், மருந்து, மின்சாரம் யாவும் நின்றபோது, மலைகளில் ஒதுங்கியவர்கள் குலத் தோட்டங்களில் கிழங்கும் வாழையும் கீரையும் விளைத்தனர். தேங்காயைத் துருவிக் காய்ச்சிய எண்ணெயால் வண்டிகளின் டீசல் எந்திரங்களை ஓட்டினர். கைவிடப்பட்ட சுரங்கத்தின் இரும்பையும் கம்பிகளையும் கொண்டு ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்களை அமைத்தனர். மூத்தோரின் மூலிகை அறிவை மீண்டும் தேடிச் சென்றனர். இவ்வாழ்வை எழிலாக மட்டும் வருணிப்பது உண்மைக்குப் பொருந்தாது. மலேரியாவும் பிள்ளைப்பேறும் காப்பாற்றியிருக்கக்கூடிய பல உயிர்களைக் கொண்டுபோயின. எனினும் பெருந்தொழில் முழுவதும் வீழ்ந்தபின் மக்களைத் தாங்கி நின்றது தாய்வழி நிலமும், அதைப் பகிர்ந்துகொண்ட உறவும்தான். இடம்பெயர்ந்து வந்தவருக்குத் தோட்டமிட நிலம் தருவது யார் என்பதைக் குலமுறையே தீர்மானித்தது. நிலத்தோடு தொடர்பறாத சமூகமே பேரிடரில் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு இதைவிட வலிய சான்று கிடைப்பது அரிது.

அமைதியும் அந்த அடித்தளத்திலிருந்தே எழுந்தது. 1990, 1991, 1994 ஆண்டுகளில் தலைவர்கள் செய்த உடன்பாடுகள் நிலைக்காமல் போயின. அதே ஆண்டுகளில் பல வட்டாரங்களில் ஊர்ப் பெரியவர்கள் தத்தம் எல்லைக்குள் சண்டையை நிறுத்திக்கொண்டிருந்தனர். பெண்கள் காட்டுக்குள் நடந்துசென்று, ஆயுதமேந்திய தம் பிள்ளைகளையும் உடன்பிறந்தார் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து வீடு திரும்ப வேண்டினர். இரு தரப்புக் கோடுகளையும் கடந்து செய்தி கொண்டுசென்றனர். 1992இல் புக்காவில் ஹெலன் ஹகேனா முதலியோர் லெய்தானா நெஹான் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினர். அருட்சகோதரி லொரெய்ன் கராசு போன்றோர் திருச்சபைகளின் பெண்களை ஒருங்கிணைத்தனர். 1995இல் அமைந்த இடைக்கால அரசின் தலைவர் தியோடர் மிரியுங், மரபுவழி மூத்தோர் மன்றங்களுக்குச் சட்ட வடிவம் தந்து, ஆட்சியை அவற்றின்மேல் கட்ட முயன்றார். 1996 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இலங்கை நீதிபதி சுந்தரலிங்கம் நடத்திய விசாரணை, அரசுப் படையினரும் எதிர்ப்புப் படையினரும் அக்கொலையில் ஈடுபட்டதைக் கண்டறிந்தது. மிரியுங் மறைந்தாலும் மூத்தோர் மன்றம் என்ற அவரது கருத்து மறையவில்லை.

1997இல் சாண்ட்லைன் என்ற கூலிப்படை நிறுவனத்தைக் கொண்டு போரை முடிக்க அரசு எடுத்த முயற்சி, அரசின் சொந்தப் படையின் எதிர்ப்பாலேயே முறிந்தது. அவ்வாண்டு ஜூலையில் நியூசிலாந்தின் பர்ன்ஹம் படைமுகாமில் பூகன்வில் தரப்பார் மட்டும் முதலில் கூடினர். தமக்குள் இணங்கியபின் அக்டோபரில் அரசுடன் பேசிச் சண்டைநிறுத்தம் கண்டனர். முதலில் நெருங்கியவரோடும் பின்னரே தொலைவிலுள்ளவரோடும் இணங்குவது என்ற இந்த வரிசை ஊர்ச் சடங்கின் வரிசையே. காலக்கெடு வைத்து விரட்டாமல் பேசவிட்ட நியூசிலாந்தின் பொறுமையும், விருந்தினரை மாவோரி முறைப்படி வரவேற்ற பண்பும் அதற்குத் துணைநின்றன. 1998 ஜனவரியில் லிங்கன் உடன்பாடும் ஏப்ரலில் நிலையான போர்நிறுத்தமும் வந்தன. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிஜி, வனுவாட்டு ஆகிய நாடுகளிலிருந்து வந்த அமைதிக் கண்காணிப்பாளர்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. அவர்களுடைய பாதுகாப்பை ஊர்களே ஏற்றுக்கொண்டன.

அதன்பின் வந்த ஆண்டுகளில், நாளிதழ்களின் கண்ணுக்கு எட்டாமல், தீவெங்கும் எண்ணற்ற இணக்கச் சடங்குகள் நடந்தன. குடும்பத்துக்குள், குலங்களுக்கிடையே, ஊர்களுக்கிடையே, புரட்சிப் படைக்கும் எதிர்ப்புப் படைக்கும் இடையே என்று அவை கீழிருந்து மேலாக விரிந்தன. பீஸ் ஃபவுண்டேஷன் மெலனீசியா என்ற அமைப்பு ஊர்களிலேயே நடுவர்களைப் பயிற்றுவித்தது. மறைந்தவரின் எலும்புகளைத் தேடியெடுத்து, தாயின் குலநிலத்தில் கொண்டுவந்து புதைப்பது பல இடங்களில் இணக்கத்துக்கு முன்நிபந்தனையாக இருந்தது. கிறித்தவ மன்றாட்டும் ஈட்டி உடைத்தலும் ஒரே முற்றத்தில் நடந்தன. மரபு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தயங்கவில்லை. ஜான் பிரெய்த்வெயிட்டும் உடனாய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட நூல், பூகன்வில் அமைதியின் வலிமை இந்தப் படிமுறையில் உள்ளது என்பதை விளக்கியது.

2001 ஆகஸ்ட் 30 அன்று அராவா நகரில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தம் தன்னாட்சி, ஆயுதக் களைவு, எதிர்காலம் பற்றிய பொதுவாக்கெடுப்பு என்ற மூன்று தூண்களைக் கொண்டது. ஆயுதங்கள் உடனே பறிக்கப்படவில்லை. இரட்டைப் பூட்டிட்ட பெட்டகங்களில் வைக்கப்பட்டு, ஒரு சாவி படைத்தலைவரிடமும் மற்றொன்று ஐக்கிய நாடுகள் பார்வையாளரிடமும் இருந்தன. நம்பிக்கை வளர்ந்தபின்னரே அழிக்கப்பட்டன. 2005இல் ஜோசப் கபுய் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னாட்சி அரசின் அவையில், பெண்களுக்கு மூன்றும் முன்னாள் போராளிகளுக்கு மூன்றும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. வாக்கெடுப்பு 2019 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடந்தபோது, 97.7 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தனர். பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் நடந்த அந்த வாக்கெடுப்பு அமைதியாக முடிந்ததே இணக்கச் சடங்குகள் செய்த பணிக்குச் சான்று.

போருக்குப் பிந்தைய இன்னொரு சோதனையிலும் இம்மரபு துணை வருகிறது. பூகன்வில்லுக்கு வடகிழக்கே கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் கார்டெரெட் பவழத் தீவுகளில் கரை அரிக்கப்பட்டு, உப்புநீர் ஏறிக் கிழங்குத் தோட்டங்கள் பாழானபோது, அங்குள்ள மூத்தோர் மன்றம் 2006இல் துலேலே பெய்சா என்ற அமைப்பை நிறுவியது; அதை உர்சுலா ரகோவா நடத்திவருகிறார். பெருந்தீவின் தின்புட்சு வட்டாரத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அளித்த நிலத்தில் குடும்பங்கள் குடியேறத் தொடங்குமுன், தலைவர்களும் பெண்களும் இளைஞரும் இரு இடங்களுக்கும் மாறிமாறிச் சென்று உறவை உண்டாக்கினர். கொக்கோவும் உணவுப் பயிரும் கலந்த தோட்டங்கள் குடியேறியவரின் பிழைப்புக்கு அடிப்படையாயின. வீடு கட்டுமுன் உறவு கட்ட வேண்டும் என்பது, நிலப்பகையின் விலையை அறிந்த தீவு கற்றுத்தந்த பாடம்.

இம்மரபின் குறைகளையும் மறைக்காமல் சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதை. அரசும் தொண்டு நிறுவனங்களும் சடங்குக்குப் பணம் தரத் தொடங்கியபின், ஈடு என்பது சில இடங்களில் பேரமாக மாறியது. போரில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகள், குலங்களுக்கிடையே பன்றி கைமாறுவதோடு பேசப்படாமலே மூடப்பட்ட நிகழ்வுகள் உண்டு. அமைதியைக் கொணர்ந்த பெண்கள், ஒப்பந்த மேசைகளில் ஆண்களுக்குப் பின்னே நிறுத்தப்பட்டனர். காணாமற்போன பலரின் எலும்புகள் இன்னும் தாய்நிலம் சேரவில்லை. இக்குறைகளை முதலில் எடுத்துரைத்தவர்கள் பூகன்வில் பெண்களே என்பதும், அவர்கள் மரபைத் துறக்காமல் திருத்தவே கேட்கிறார்கள் என்பதும் கருதத்தக்கவை.

எல்லாப் பகைக்கும் தொடக்கமாகிய பங்குனாவின் வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. 2016இல் ரியோ டின்டோ தன் பங்குகளைத் தன்னாட்சி அரசிடமும் பப்புவா நியூ கினி அரசிடமும் ஒப்படைத்து விலகியது. 2020இல் ஊர் மக்கள் 156 பேர் அளித்த முறையீட்டின் விளைவாக, சுரங்கம் விட்டுச்சென்ற கேடுகளை ஆராயச் செலவேற்க அது 2021இல் இசைந்தது. 2024 டிசம்பரில் வெளிவந்த அறிக்கை, உறுதியிழந்த கட்டுமானங்களும் ஆற்றைத் தூர்க்கும் கழிவும் மக்களுக்கு இன்றும் தீங்கு செய்வதை உறுதிப்படுத்தியது. சுரங்கத்தை மீண்டும் திறந்து புதிய நாட்டுக்கு வருவாய் தேடலாமா என்ற விவாதமும் அதனோடு ஓடுகிறது. எந்த வழக்குக்கும் பூகன்வில் வகுத்த வரிசை தெளிவானது: தவறை ஒப்புக்கொள்வது முதலில், ஈடு செய்வது அடுத்து, ஒன்றாக உண்பதும் நாளையைப் பற்றிப் பேசுவதும் அதன் பிறகே. ஒருவரையொருவர் கொன்ற உறவினர்கள் அந்த வரிசையைக் கடைப்பிடித்துக் காட்டிவிட்டனர். அவர்கள் நிலத்திலிருந்து செல்வம் ஈட்டிச் சென்றவர்களும் அதே வரிசைக்கு உட்பட வேண்டும் என்று தீவு கேட்பதில் முழு நியாயம் உண்டு.